பிரித்து வாசித்த நாவல்

எங்கள் வாசிகசாலையில் ஒருவரும் பேப்பரை முழுதாக வாசித்ததில்லை. காலையில் பேப்பர் வந்ததும் தாள் தாளாகப் பிரித்துவிடுவோம். முன்பக்கம் ஒருவரிடம் போகும், நடுப்பக்கம் இன்னொருவரிடம். மரண அறிவித்தல் உள்ள தாள் நீண்ட மர வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களுக்கு. ஒருவர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டுவார். முன்பக்கச் செய்தியின் மிச்சம் ஆறாம் பக்கத்தில் என்று போட்டிருந்தால், ஆறாம் பக்கம் வைத்திருப்பவர் அதை உரத்து வாசித்துச் சொல்ல வேண்டும். இதில் ஒருவருக்கும் குறை இருந்ததில்லை. அதனால்தான் அந்த நாவலுக்கும் அதையே செய்தோம்.

வாசிகசாலைப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. எங்கள் வீட்டு வளவுக்கு அடுத்த வளவில் அந்தக் கட்டடம் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிறகு எங்கள் ஐயாவோடு வெங்காயத் தோட்டத்துக்குப் போனேன். ஐயா இறந்த பின் தனியாகப் போனேன். காலையில் பயிருக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து வாசிகசாலையைத் திறப்பேன். பின்னேரம் பொழுது பட்டதும் பூட்டுவேன். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. யாராவது நேராகக் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் நாக்கு எழும்பாது. வாசிக்க வரும். உதடு அசைய, மெதுவாக வாசிப்பேன்.

எண்பத்தாறாம் ஆண்டு அது. கொழும்பில் கலவரம் நடந்து மூன்று வருடமாகியிருந்தது. பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து அடிக்கடி ஹெலிகொப்டர் வரும். சத்தம் கேட்டால் வாசிகசாலையில் இருப்பவர்கள் கையில் இருக்கும் தாளோடு எழுந்து வேப்பமரத்தடிக்குப் போவார்கள். சத்தம் போனதும் திரும்பி வந்து விட்ட வரியிலிருந்து வாசிப்பார்கள்.

கொழும்பில் இன்னும் வேலையில் இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் புத்தகப் பார்சல் ஒன்று அனுப்பினார். அதில் பெரும்பாலும் பழைய சஞ்சிகைகள். நாவல் ஒன்றுதான் புதிது. அட்டையில் கடற்கரை, திறந்த கார், கறுப்புக் கண்ணாடி போட்ட இளம் பிள்ளைகள். எழுதியவரின் பெயர் புனைபெயராக இருக்க வேண்டும், ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. வாசிகசாலைத் தலைவர் அட்டையின் பின்பக்கத்தை வாசித்துப் பார்த்துவிட்டு, "பணக்காரப் பிள்ளையளின்ரை கதை போலை கிடக்கு" என்றார். அவர் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். அவர் அப்படிச் சொன்ன உடனேயே பத்துப் பேர் கேட்டார்கள்.

புத்தகம் ஒன்று. காத்திருக்க ஒருவருக்கும் மனமில்லை. நாளைக்கு என்ன நடக்குமோ தெரியாத காலத்தில் ஒரு புத்தகத்துக்காக இரண்டு மாதம் காத்திரு என்று யாரிடம் சொல்வது? "பேப்பர் மாதிரிப் பிரிப்பம்" என்றார் தலைவர். சவர பிளேட் ஒன்றால் தானே தையலை அறுத்தார். எட்டுத் துண்டாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் பழைய கலண்டர் தாளில் உறை போட்டு, மேலே இலக்கம் எழுதினார். கொடுப்பதும் வாங்குவதும் என் வேலை. முதலாம் துண்டு கேட்டு வருபவருக்கு முதலாம் துண்டு இல்லாவிட்டால் கையில் இருப்பதைக் கொடுப்பேன். அவர் அதைக் கொண்டுபோய் வாசிப்பார்.

கதையை நான் முதலில் அறிந்தது மற்றவர்களின் வாயால்தான். கொழும்பில் பணக்காரர் இருக்கும் கறுவாத்தோட்டத்துத் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் நண்பர்கள். மூன்று பொடியன்கள், இரண்டு பெண்கள். தகப்பன்மாரில் ஒருவர் டொக்டர், ஒருவர் கோட்டில் வாதாடும் அப்புக்காத்து, ஒருவருக்குச் சொந்தக் கொம்பனி. பிள்ளைகளுக்கு வேலையில்லை, தேடவும் இல்லை. காரில் கல்கிசைக்குப் போவார்கள், நுவரெலியாவுக்குப் போவார்கள். பாட்டுப் போட்டு ஆடுவார்கள். ஒருவரை விரும்புவார்கள், பிறகு வேறொருவரை விரும்புவார்கள். கலவரத்துக்கு முந்திய காலத்துக் கதை.

"என்ன காணும் இது? ஒருத்தனும் வேலைக்குப் போறானில்லை" என்றார் சைக்கிள் கடை அண்ணை. அவருக்கு இரண்டாம் துண்டு கிடைத்திருந்தது. "காலமை பத்து மணிக்கு எழும்பிறான். கோப்பி குடிக்கிறான். வாழ்க்கை வெறுத்துப் போச்சு எண்டுறான். பத்து மணிக்கு எழும்பினால் எனக்குந்தான் வெறுக்கும்."

"அது மனசிலை இருக்கிற வெறுமை. மேல்தட்டுச் சனத்தின்ரை பிரச்சினை" என்றார் தலைவர்.

"பெற்றோல் அடிச்சுக்கொண்டு திரியிறவனுக்கு என்ன பிரச்சினை, ஐயா? இவ்வளவு பக்கத்திலை ஒரு ரயர் காத்துப் போகேல்லை. நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

ரியூற்றரியில் படிப்பிக்கும் வாத்தியார் இளம் ஆள். அவருக்குக் கோபம் வந்தது. "இஞ்சை சனம் செத்துக்கொண்டிருக்குது. இவர் அங்கை கடல்குளிப்பு எழுதுறார். உதைக் கொளுத்த வேணும்."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யாழ்ப்பாண லைப்ரரி எரிஞ்ச பிறகு புத்தகம் கொளுத்துற கதை இஞ்சை வேண்டாம், தம்பி."

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "பகிடிக்குச் சொன்னனான்." பிறகு என் பக்கம் திரும்பி, "நாலாம் துண்டு வந்திட்டுதோ அண்ணை?" என்று கேட்டார்.

ஒழுங்கில்லாமல் வாசித்ததால் சண்டை கூடியது. மூன்றாம் துண்டு வாசித்தவருக்கு அப்புக்காத்தரின் மகன் தங்கமான பிள்ளை. ஆறாம் துண்டு வாசித்தவருக்கு அவன் சுத்தக் கள்ளன். இரண்டு பேரும் வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒருவர் பொய் சொல்கிறார் என்று மற்றவர் அடித்துச் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் தையல் மெசின் வைத்திருந்த அக்கா ஏழாம் துண்டில் தொடங்கினார். "உந்தப் பெட்டை ஏன் அழுகிறாள் எண்டு தெரியாமல் கையோடை வேலை ஓடுதில்லை, தம்பி. முன்னாலை என்னவோ நடந்திருக்கு" என்று என்னிடம் இரண்டு தரம் வந்தார். முன்னுக்குள்ள துண்டு வரவில்லை. கடைசித் துண்டு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனார்.

ஊரே அப்படி அந்த ஐந்து பேரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, நான்காம் துண்டு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு கதை எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது.

நான்காம் துண்டில் ஒரு ரைப்பிஸ்ட் பெண் வருகிறாள். வடக்கிலிருந்து வந்தவள், வெங்காயத் தோட்டக்காரரின் மகள். ஐவரில் ஒருத்தியின் தகப்பனுடைய கொம்பனியில் வேலை செய்கிறாள். அவளை அந்த ஐந்து பேரும் காரில் ஏற்றிக்கொண்டு திரிகிறார்கள். மழை வந்தால் அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பாள். அது அவர்களுக்குப் பெரிய சிரிப்பு. கல்கிசையில் ஒரு நாள் பியர் குடித்துவிட்டுச் சீலையோடு கடலில் இறங்குகிறாள். டொக்டரின் மகன் கையைப் பிடித்து இழுத்துக் கரை சேர்க்கிறான். அந்த இடத்தில் துண்டு முடிகிறது.

என் தங்கச்சி கொழும்பில் ரைப்பிஸ்டாக இருந்தவள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தாள். கலவரத்தின்போது அகதி முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினாள். வந்த பின் ஒரு பழைய ரைப்ரைட்டரை வாங்கி, வீட்டு முன் அறையில் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ரைப்பிங் படிப்பித்தாள். என்னைப்போல அல்ல. வாய் உள்ளவள். வயது முப்பத்துமூன்று. அவளுக்குக் கலியாணம் முடித்துவிட்டுத்தான் எனக்கு என்று அம்மா சொல்லிச் சொல்லி, எனக்கான பேச்சு எப்போதோ நின்றுவிட்டது.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்காத பெண் எங்கள் பக்கத்தில் யார்? வெங்காயத் தோட்டக்காரரின் பிள்ளை என்றால் பாதி ஊர் வரும். ஆனால் கொழும்பில் ரைப்பிஸ்டாக இருந்தது ஒருத்திதான். நான் உள்ளே வந்தால் வாங்கில் இருப்பவர்களின் குரல் இறங்கியது. சைக்கிள் கடை அண்ணை மட்டும் நேரே கேட்டார்.

"குறை நினையாதை தம்பி. உன்ரை தங்கச்சி அங்கை ஆரின்ரை கொம்பனியிலை இருந்தவ?"

நான் நேற்றைய தாள்களை அடுக்கத் தொடங்கினேன். ஏற்கனவே அடுக்கியிருந்தவை அவை.

அன்று வீட்டில் தங்கச்சியே கதையை எடுத்தாள். அவளிடம் படிக்க வரும் பிள்ளைகள் சொல்லியிருக்க வேண்டும். "புத்தகத்திலை நான் பியர் குடிச்சனானாம். ருசி எப்பிடியிருந்தது எண்டு எழுதியிருக்கோ, அண்ணை?"

"பகிடி விடாதை" என்றா அம்மா குசினியிலிருந்து. "பண்டத்தரிப்பாற்றை காதிலை விழுந்தால்?"

"விழுந்தால் எடுத்துத் துடைக்கட்டும்."

பண்டத்தரிப்பார் என்று அம்மா சொன்னது மாப்பிள்ளை வீட்டாரை. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், வயது நாற்பதுக்குக் கிட்ட, தகப்பன் இல்லை, தாய் மட்டும். சாதகம் பொருந்தியிருந்தது. சீதனப் பேச்சும் முடிந்திருந்தது. ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். வடை சாப்பிட்டார். உங்கடை கிணறு நல்ல தண்ணியோ, உவரோ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் போன பின், "என்னைப் பாக்க வந்தவரோ, கிணத்தைப் பாக்க வந்தவரோ?" என்று தங்கச்சி கேட்டாலும், இரண்டு நாளாக அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்ததை நான் கவனித்தேன். அதற்கு முன் வந்த பேச்சுகளில் அப்படி நடந்ததில்லை. இது குழம்பினால் இனி ஒன்று வராது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

நான்காம் துண்டை வாத்தியார் கொண்டுபோனார். அவருக்குப் பண்டத்தரிப்பிலும் வகுப்பு உண்டு. அங்கே படிக்க வந்த ஒருவர் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அவர் மாப்பிள்ளையின் மச்சான். அடுத்த கிழமை கலியாணப் புறோக்கர் வந்து முற்றத்தில் சைக்கிளை நிறுத்தினார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"மாப்பிள்ளை கொஞ்சம் பொறுக்கச் சொல்லுறார்."

"ஏன், என்ன நடந்தது?" என்றா அம்மா.

"ஒண்டுமில்லை. அவர் ஒரு புத்தகம் வாசிக்கிறாராம்."

"என்ன, சோதினை கீதினை எடுக்கிறாரோ?"

"இல்லையக்கா. கதைப் புத்தகம்." புறோக்கர் நான்காம் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "மிச்சத் துண்டுகளும் இருந்தால் தரச் சொன்னவர். முழுக்க வாசிச்சால் ஒரு முடிவுக்கு வரலாமாம்."

முன் அறையிலிருந்து வந்த ரைப்ரைட்டர் சத்தம் நின்றது. சிறிது நேரத்தில் மறுபடி தொடங்கியது, வழமையை விடப் பலமாக.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நிற்பேன். ஒரு பாத்தி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். சாப்பாட்டுக்கு இருந்து பாதியில் எழும்புவேன். துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் நினைவு. கதை எழுதுகிறவர் கடைசியில் எல்லாவற்றையும் சரிப்படுத்தாமல் விடமாட்டார் என்று நம்பினேன். எனக்குத் தெரிந்த கதைகள் எல்லாம் அப்படித்தான் முடிந்தன. அந்தப் பெண் பிழையானவள் இல்லை என்று கடைசித் துண்டில் எங்கோ எழுதியிருக்கும். அதை மாப்பிள்ளை வாசித்தால் போதும்.

ஒவ்வொரு வீடாகப் போனேன். வாசல் படலையில் நின்று சைக்கிள் மணியடிப்பேன். வந்தவரிடம் எதற்காக வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அவர்களே விளங்கிக்கொண்டு துண்டைக் கொண்டுவந்து தருவார்கள். சிலர் தரும்போது ஏதாவது சொல்வார்கள். "பாவம், அந்தப் பிள்ளையைப் போட்டு வதைக்கிறாங்கள்" என்றார் ஒருவர். "அவளுக்கு அங்கை என்ன வேலை? கூப்பிட்டால் போறதோ?" என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

கிடைத்த துண்டுகளை இலக்கப்படி வாசித்தேன். ஐந்தாம் துண்டில் ஒரு விருந்தில் அவளுடைய ஆங்கிலத்தைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். ஆறாம் துண்டில் டொக்டரின் மகன், உன்னுடைய ஊருக்கு வருகிறேன், உன் தகப்பனைப் பார்க்கிறேன் என்கிறான். ஏழாம் துண்டில் அவள் பஸ் தரிப்பில் நின்று அழுகிறாள். தையல் அக்காவின் கையை ஓடவிடாமல் செய்த அழுகை அதுதான். ஏன் அழுகிறாள் என்பது அதிலும் தெளிவாக இல்லை. அவன் வரவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். எட்டில் வருவான்.

எட்டாம் துண்டு தையல் அக்காவிடம் இல்லை. "ஐயோ தம்பி, சந்நிதிக் கோயில் திருவிழாவுக்குப் போகேக்கை கொண்டு போனனான். தொண்டைமானாத்திலை அக்கா வீட்டிலை விட்டிட்டு வந்திட்டன். அவ இஞ்சை வரேக்கை வாங்குவம் எண்டு இருந்தன்."

"நீங்கள் வாசிச்சதோ?" என்று கேட்டேன். அவ்வளவு கேட்டதே எனக்குப் பெரிய காரியம்.

"எங்கை? சனத்துக்குள்ளை எங்கை வாசிக்கிறது?"

அடுத்த நாள் விடியத் தண்ணீர் இறைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அச்சுவேலியால் போகும் பாதை. வழியில் ஒரு முறை ஹெலி வந்தது. ஒரு பனங்கூடலுக்குள் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றேன். தொண்டைமானாற்றில் அந்த வீட்டைத் தேடிப் பிடித்தபோது, அந்த அக்காவின் அக்கா துண்டை உடனே எடுத்துத் தந்தார். குழந்தையொன்று அதன் உறையில் பென்சிலால் கோழி கீறியிருந்தது. உள்ளே தாள்கள் சரியாக இருந்தன.

வீடு போகும் வரை பொறுக்க முடியவில்லை. ஆற்றங்கரையில், கோயில் மடத்துச் சுவர் நிழலில் இருந்து வாசித்தேன். கடல் பக்கத்திலிருந்து காற்று வந்து தாளைப் புரட்டிக்கொண்டிருந்தது. டொக்டரின் மகன் லண்டன் போகிறான். மற்றவர்கள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போகிறார்கள். அப்புக்காத்தரின் மகன் கொம்பனிக்காரரின் மகளைக் கலியாணம் செய்யப் போகிறான். நண்பர்கள் கடற்கரையில் ஒன்றாக நின்று சூரியன் இறங்குவதைப் பார்க்கிறார்கள். இனி இப்படி ஒரு காலம் வராது என்று ஒருவன் சொல்கிறான். அவ்வளவுதான். முடிந்தது.

தாள் ஏதும் தவறிவிட்டதோ என்று பக்க இலக்கங்களைப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன், இந்த முறை அவளுடைய பெயரை மட்டும் தேடி. பெயர் இல்லை. ரைப்பிஸ்ட் என்ற சொல்லும் இல்லை. எழுதியவர் அவளை அந்த பஸ் தரிப்பில் விட்டுவிட்டு மறந்துவிட்டார். ஊரே அவளைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருக்கிறது. அவருக்கு அவள் நினைவில்லை. மாப்பிள்ளையிடம் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

நான் வந்து சைக்கிளை நிறுத்தும்போது தங்கச்சி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். முதல் தரமாகக் கேட்டாள்.

"கடைசியிலை அவளுக்கு என்ன நடக்குது?"

"அவள் அதிலை இல்லை."

"இல்லையெண்டால்? செத்துப் போறாளோ?"

"இல்லை. அவளைப் பற்றி ஒண்டுமில்லை."

"ஒரு வரியும்?"

"ஒரு வரியும் இல்லை."

அவள் கையைச் சீலையில் துடைத்தாள். "தாங்கோ" என்றாள். நான் சேர்த்து வைத்திருந்த மற்ற ஏழு துண்டையும் கேட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று பின்னேரம் படிக்க வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அம்மா இரண்டு முறை தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தா. இரண்டும் ஆறிக் கிடந்தன.

அடுத்த நாள் காலை துண்டுகளை அடுக்கிக் கயிற்றால் கட்டி என்னிடம் தந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். முகம் கோபமாகத்தான் இருந்தது.

"ஆர் எழுதினதெண்டு தெரியேல்லை. ஆனா அவையளோடை திரிஞ்ச ஆள்தான். பிழையா ஒண்டும் எழுதேல்லை, அண்ணை."

அவளே தொடர்ந்தாள். "எங்கடை முதலாளியின்ரை மகள் என்னை அப்பிடித்தான் காரிலை கூட்டிக்கொண்டு திரிஞ்சவ. கெட்ட பிள்ளை இல்லை. சந்தோசமாத்தான் இருந்தது. பொய் ஏன்? கலவரத்துக்கை முகாமிலை இருக்கேக்கை, றோட்டிலை கார்ச் சத்தம் கேட்டால் எழும்பி எட்டிப் பாப்பன். என்னைத் தேடி வருவினம் எண்டு. கப்பலேறுமட்டும் பாத்தனான்."

"வரேல்லையோ?"

"பிளேனிலை லண்டன் போட்டினமாம், பிறகு கேள்விப்பட்டன். அவையின்ரை வீடும் எரிஞ்சதுதான். குறை சொல்லேல்லை. நினைவு வந்திருக்காது, அவ்வளவுதான்."

மூன்று வருடத்தில் அவள் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையே வாசிகசாலைக்கு வந்தார். பின்னேரம், தாள்கள் எல்லாம் ஆட்களின் கையில் இருந்த நேரம். சைக்கிளை வேப்பமரத்தில் சாத்திவிட்டுப் படியில் செருப்பைக் கழற்றினார். வாங்கில் ஒரு தாளும் அசையவில்லை. அவர் தலைவருக்குத் தலையாட்டிவிட்டு, என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவரும் கூச்சக்காரர் என்பது அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக் கதைத்தார்.

"அந்தப் புத்தகத்தின்ரை மிச்சத் துண்டுகள் இருக்கோ?"

அலுமாரியைத் திறந்து கட்டை எடுத்து மேசையில் வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்குள் தங்கச்சி எங்கள் வேலியில் ஆள் நுழையும் பொட்டால் புகுந்து வந்துவிட்டாள். அவர் வருவதை முன் அறை யன்னலால் கண்டிருக்கிறாள்.

"முடிவு தெரியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஓம்… இல்லை. முழுக்க வாசிச்சால்…"

"முடிவு அதிலை இல்லை. நான் வாசிச்சிட்டன்."

வாங்கில் யாரோ இருமினார். அவர் மெல்லிய குரலில், "அது நீங்களோ?" என்று கேட்டார்.

"நானில்லை. ஆனா நானும் கடலிலை இறங்கினனான், சீலையோடை. பியர் குடிக்கேல்லை. ஆரும் தரேல்லை."

சைக்கிள் கடை அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கட்டின் மேல் கையை வைத்தார். தங்கச்சி அவருடைய கையைப் பார்த்தாள்.

"இதைக் கொண்டு போறதெண்டால் கொண்டு போங்கோ. ஆனா சொல்லுறதை இப்ப சொல்லுங்கோ. வாசிச்சு முடிச்சிட்டு வந்து சொல்லுற பதில் எனக்கு வேண்டாம்."

அவர் கையை எடுத்தார். முகம் காதுவரை சிவந்திருந்தது. "அம்மாவைக் கேக்க வேணும்" என்றார்.

"அப்ப கேட்டுக்கொண்டு வாங்கோ. புத்தகம் இஞ்சை கிடக்கட்டும்."

"பிள்ளை, வாசிகசாலைப் புத்தகத்தை ஆரும் மறிக்கேலாது" என்றார் தலைவர். அவருக்கு விதி முக்கியம்.

"அவர் எங்கடை அங்கத்தவரோ, ஐயா?"

தலைவர் யோசித்தார். "இல்லை."

மாப்பிள்ளை செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். தங்கச்சி பொட்டால் திரும்பிப் போனாள். அதுவரை அசையாதிருந்த தாள்கள் எல்லாம் ஒன்றாகச் சரசரத்தன. என்னால் அங்கே இருக்க முடியவில்லை. திறப்பைத் தலைவரின் முன்னால் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சந்தி தாண்டி, புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் அவரைப் பிடித்தேன். பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். அவர் பார்த்தார். இரண்டு பேரும் அப்படியே உழக்கிக்கொண்டு போனோம். எதிரே ஒரு மாட்டு வண்டில் வந்தது. அவர் முன்னுக்குப் போனார், நான் பின்னுக்குப் போனேன். பிறகு மறுபடி பக்கத்தில் வந்தேன்.

"நீங்கள் முழுக்க வாசிச்சனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"எப்பிடி?"

அந்த நாவலைப் பற்றி ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்டார்கள். என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. தலைவர் சொன்ன வெறுமை எனக்கு விளங்கவில்லை. வாத்தியாரைப் போலக் கோபமும் வரவில்லை. கொஞ்சத் தூரம் உழக்கிய பின்தான் சொல்ல வந்தது.

"எழுதினவர் அந்தப் பிள்ளையை இடையிலை விட்டிட்டார். தேடவே இல்லை. எனக்கு அது பிடிக்கேல்லை."

அவர் தலையாட்டினார். பண்டத்தரிப்புச் சந்தி வந்ததும், "வாறன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். எனக்கு எங்கே திரும்புவது என்று விளங்காமல் ஒரு கடை வாசலில் நின்று சோடா குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. படலைச் சத்தம் கேட்டால் எழும்புவேன். மாடு உராய்ந்திருக்கும். அம்மா தங்கச்சியோடு கதைப்பதை விட்டிருந்தா. "வாயாலை கெட்டாய்" என்று ஒரு முறை சொன்னா, அவ்வளவுதான். தங்கச்சி பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள், சமைத்தாள், கிணற்றடியில் நின்றாள். பாட்டு இல்லை. சில நேரம் ரோட்டில் கார் போனால் அவள் கை நிற்பதைக் கண்டேன். கண்டதும் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வாடகைக் கார் ஒன்று படலையில் வந்து நின்றது. மாப்பிள்ளையும் தாயும் இறங்கினார்கள். புறோக்கர் இல்லை. அம்மா ஓடிப்போய்க் கதிரைகளைத் துடைத்தா. தாய் உட்கார்ந்தா. அவர் உட்காரவில்லை. தங்கச்சி முன் அறை வாசலில் நின்றாள். விரலில் ரைப்ரைட்டர் நாடாவின் மை.

"நான் மிச்சம் வாசிக்கேல்லை" என்றார் அவளைப் பார்த்து. "வாசிக்காமல்தான் வந்திருக்கிறன். எனக்குச் சம்மதம்."

அம்மா கையைக் கூப்பப் போனா. தங்கச்சி அசையவில்லை.

"நான் அண்ணையைக் கேக்க வேணும்" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் பகிடிக்குச் சொன்னாளா, உண்மையாகவே கேட்டாளா என்று முகத்தைப் பார்த்து எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. கண் சிரித்தது போல இருந்தது. வாசல் நிலையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இவள் கடலிலை இறங்கினவள்தான்" என்றேன் அவரிடம். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. "அதைப் பிறகு ஒரு நாளைக்குச் சொல்லிக் காட்டுறதெண்டால் இப்ப போங்கோ. சொல்லிக் காட்ட மாட்டீங்களெண்டால் இருங்கோ."

அவர் கதிரையை இழுத்து இருந்தார்.

"ஆர் கடலிலை இறங்கினது?" என்று கேட்டா அவருடைய தாய். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தா. "என்ன கடல்?"

அந்த மனுசிக்கு ஒன்றுமே தெரியாது. புத்தகம், ரைப்பிஸ்ட், கல்கிசை, எதையும் அவர் தாயிடம் சொல்லியிருக்கவில்லை. இந்தப் பெண்ணைக் கலியாணம் செய்யலாமா என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"பிறகு சொல்லுறன் அம்மா" என்றார்.

தங்கச்சிக்கு அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே, மை விரலால் வாயைப் பொத்திக்கொண்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.